பொட்டலம் பிரிக்கும்போதே விழும் பிழைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திறந்த மூல மென்பொருளை விண்டோஸில் பில்ட் செய்வது, அதாவது மூல நிரலிலிருந்து இயங்கும் நிரலைக் கட்டுவது பற்றி மாணவர்களுக்காக வரும் குறிப்புகளில், தங்கள் நாளிதழ் உட்பட எங்கு பார்த்தாலும், ஒரு வரி மாறாமல் இருக்கிறது: "சோர்ஸ் கோடைத் தரவிறக்கி, அன்ஜிப் செய்துகொண்டு, பில்ட் செய்யவும்." தரவிறக்கத்துக்கு ஒரு படம், பில்டுக்கு நான்கு படம், அன்ஜிப்புக்கு ஒரு சொல்லோடு சரி. லினக்ஸில் அந்தச் சொல் போதும். விண்டோஸில் போதாது. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரைக் குறை சொல்லிக்கொண்டு பிள்ளைகள் இரண்டு நாள் நோண்டும் கோளாறுகளில் பல, பொட்டலத்தை, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய கோப்பை, பிரித்த நிமிடத்திலேயே விழுந்தவை.

ஒரு முன்குறிப்பு. அச்சு வசதிக்காகக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பேரெழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பலருக்குத் தெரியாத செய்தி, பொட்டலம் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது என்பது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் சிஸ்டம்32 கோப்புறையில் டார்.எக்ஸ்இ, தரவிறக்க உதவும் கர்ல்.எக்ஸ்இ இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. இந்த டார் லினக்ஸில் பார்க்கும் குனு டார் அல்ல. லிப்ஆர்க்கைவ் நூலகத்தின் மேல் கட்டப்பட்ட பிஎஸ்டி டார். இது பொட்டலத்தின் தலைப்பகுதியைப் படித்து வகையைத் தானே கண்டுகொள்ளும். "டார் -எக்ஸ்எஃப்" என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது டார்-ஜீஇசட்டாக (ஜீ-ஜிப் முறையில் சுருக்கிய டார்) இருந்தாலும் ஜிப்பாக இருந்தாலும் பிரித்துவிடும். ஜிப்பைக் குனு டாரிடம் கொடுத்தால், இது டார் கோப்பு மாதிரியே தெரியவில்லை என்று கையை விரித்துவிடும்.

ஆனால் எல்லா விண்டோஸ் டாரும் ஒன்றல்ல. "டார் --வெர்ஷன்" என்று தட்டிப் பாருங்கள். ஒரே வரி வரும்: முதலில் பிஎஸ்டி டாரின் பதிப்பு எண், பிறகு அதனுள் சேர்த்துக் கட்டப்பட்ட சுருக்க நூலகங்களின் பெயர்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் இசட்லிப், லிப்எல்இசட்எம்ஏ, பிஇசட்2லிப், லிப்இசட்எஸ்டிடி என நான்கும் வரிசையாக நிற்கும். விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் லிப்எல்இசட்எம்ஏ இருக்காது. அது இல்லாத டாரிடம் எக்ஸ்-இசட் என்ற முறையில் சுருக்கிய பொட்டலத்தைக் கொடுத்தால், "எக்ஸ்இசட் -டி -க்யூக்யூ" என்ற நிரலை இயக்க முடியவில்லை என்று ஒரு பிழை வரும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதையே மூன்று முறை தரவிறக்குவார்கள். கோப்பில் ஒன்றுமில்லை, டாருக்கு எக்ஸ்-இசட்டைப் பிரிக்கத் தெரியாது, அவ்வளவுதான். பெரிய எண் கணக்குகளுக்கான ஜிஎம்பி நூலகத்தின் 6.3.0 பதிப்பு டார்-எக்ஸ்-இசட்டாகவும் கிடைக்கிறது. ஜிசிசி கம்பைலரைக் கட்டுகிறவர் யாரும் ஜிஎம்பியைத் தாண்டாமல் போக முடியாது.

அடுத்த வம்பு, ஒரே கணினியில் இரண்டு டார். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் ஃபார் விண்டோஸ் நிறுவினால் அதோடு குனு டாரும் வந்துவிடும். கமாண்ட் ப்ராம்ப்டில் "வேர் டார்" என்று தட்டினால் எந்த டார் எந்த வரிசையில் தேடப்படுகிறது என்று தெரியும். பவர்ஷெல்லில் "வேர்" என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர், அங்கே "வேர்.எக்ஸ்இ டார்" என்றே தட்ட வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டில் பெரும்பாலும் சிஸ்டம்32-இல் உள்ளது முந்தும். கிட்டோடு வரும் கிட் பேஷ் ஜன்னலில் குனு டார் முந்தும். ஒரே ஸ்கிரிப்ட் ஒரு ஜன்னலில் ஓடி, இன்னொரு ஜன்னலில் விழுவது இதனால்தான்.

குனு டாரின் விசித்திரம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் அதற்கு முன்னால் உள்ளதை வேறொரு கணினியின் பெயராக அது எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க்கில் டேப் டிரைவ்கள் இருந்த காலத்து வழக்கம். "டார் -எக்ஸ்எஃப் சி:\சோர்ஸ்\ஜிஎம்பி.டார்.ஜீஇசட்" என்று கொடுத்தால், "சி" என்ற கணினியைத் தேடிவிட்டு, "சி-யோடு இணைக்க முடியவில்லை, ரிசால்வ் ஃபெயில்ட்" என்று நிற்கும். "--ஃபோர்ஸ்-லோக்கல்" சேர்க்கலாம், அல்லது பாதையை "/சி/சோர்ஸ்/" என்ற பாணியில் எழுதலாம். விண்டோஸ் டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்கிரிப்டில் எழுதும்போது வெறும் "டார்" என்று விடாமல் சிஸ்டம்32-இன் முழுப் பாதையைக் கொடுப்பது நல்லது.

அப்படியானால் எதை எடுப்பது? பில்ட் எந்த ஷெல்லில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) நடக்கப்போகிறதோ, அந்த ஷெல்லுக்கு உரிய டாரிலேயே பொட்டலத்தையும் பிரிக்க வேண்டும். விஷுவல் ஸ்டுடியோவிலோ சிமேக்கிலோ கட்டப்போகிறீர்கள் என்றால் விண்டோஸ் டார். கணினியைச் சோதித்துப் பில்டைத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டி, பில்டை நடத்தும் மேக் கட்டளையை அடிக்கும் வகை என்றால், லினக்ஸ் பாணிக் கருவிகளை விண்டோஸில் தரும் எம்சிஸ்2 ஷெல்லைத் திறந்து அதனுள்ளேயே பிரிக்க வேண்டும். "பேக்மேன் -எஸ் டார் எக்ஸ்இசட்" என்று ஒரு தடவை நிறுவினால் போதும், அந்த எஸ் பேரெழுத்து. எக்ஸ்ப்ளோரரில் வலது கிளிக் செய்து பிரித்துவிட்டு எம்சிஸ்2-க்குள் போய் மேக் அடிப்பதுதான் ஆகாத வழி. சிமேக் ஏற்கெனவே இருக்கும் கணினியில் "சிமேக் -இ டார் எக்ஸ்எஃப்" என்ற கட்டளையும் உண்டு, இ பேரெழுத்து. சிமேக்கும் உள்ளே லிப்ஆர்க்கைவையே பயன்படுத்துகிறது. விண்டோஸ் டாரின் பழைய பதிப்புக்கு எக்ஸ்-இசட் தெரியாத இடத்தில், புதிதாக எதையும் நிறுவாமல் வேலையை முடிக்க நான் இதைத்தான் சொல்வேன்.

ஷெல்லும் டாரும் பொருந்த வேண்டும் என்பதற்கு முதல் காரணம் சிம்லிங்க். லினக்ஸ் உலகின் பொட்டலங்களில், ஒரு கோப்புக்குப் பதில் இன்னொரு கோப்பைக் காட்டும் இணைப்புகள் சகஜம். விண்டோஸில் அவற்றை உருவாக்க நிர்வாகி உரிமை வேண்டும், அல்லது செட்டிங்ஸில் டெவலப்பர் மோட் இயக்கத்தில் இருக்க வேண்டும். எம்சிஸ்2-இன் டார் இதைச் சுற்றிக்கொண்டு போகிறது: இணைப்புக்குப் பதில், இணைப்பு காட்டும் கோப்பையே நகலெடுத்து வைத்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு. பொட்டலத்துக்குள் இணைப்பு முன்னாலும் அசல் கோப்பு பின்னாலும் இருந்தால், நகலெடுக்கும் நேரத்தில் அசல் இன்னும் வந்திருக்காது. "சிம்லிங்க் உருவாக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பிழை வரும். அதே கட்டளையை அதே இடத்தில் இரண்டாம் முறை ஓட்டினால் சரியாகிவிடும், ஏனென்றால் அதற்குள் அசல் வந்து சேர்ந்திருக்கும். மந்திரம் மாதிரி தெரியும், ஆனால் காரணம் இவ்வளவுதான். டெவலப்பர் மோட் இருந்தால் எம்சிஸ் (பேரெழுத்தில்) என்ற சூழல் மாறியில் "வின்சிம்லிங்க்ஸ்:நேட்டிவ்ஸ்ட்ரிக்ட்" என்று வைத்து உண்மையான இணைப்புகளையே பெறலாம்.

இரண்டாவது காரணம் கோப்புகளின் நேரம். இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோடூல்ஸ் முறையில் வெளியிடப்படும் பொட்டலத்தில் கான்ஃபிகர்.ஏசி, ஏசிலோக்கல்.எம்4, கான்ஃபிகர், மேக்ஃபைல்.இன் என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த கோப்புகள் இருக்கும். பிறந்த பிள்ளையைவிடத் தாய் புதியதாக இருந்தால், யாரோ தாயைத் திருத்திவிட்டார்கள் என்று மேக் முடிவு கட்டி, பிள்ளையை மறுபடி உருவாக்கப் பார்க்கும். அதற்கு ஆட்டோமேக் வேண்டும். அதுவும் பொட்டலம் கட்டியவர் வைத்திருந்த அதே பதிப்பு வேண்டும். உங்களிடம் இராது. "ஏசிலோக்கல்-1.16: கட்டளை இல்லை" என்று மேக் நின்றுவிடும். கம்பைலர் ஒரு வரியைக்கூடத் தொட்டிருக்காது.

டார் பொட்டலத்தில் நேரம் விநாடிக் கணக்கில், உலக நேரத்தில் பதிவாகிறது. ஜிப்பின் அடிப்படை நேரப் புலம் டாஸ் காலத்தது: இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் நகரும், எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் கிடையாது. ஜப்பானில் பிற்பகல் 3 மணிக்குக் கட்டிய ஜிப்பை, கூடுதல் நேரப் புலம் இல்லாதபட்சத்தில், நாம் இங்கே நண்பகல் 12 மணிக்குப் பிரித்தால் கோப்புகள் பிற்பகல் 3 மணி என்றே காட்டும். மூன்று மணி நேரம் எதிர்காலத்தில் உள்ள கோப்பைப் பார்த்த மேக், "கிளாக் ஸ்க்யூ" என்று எச்சரிக்கும். ஆக, ஒரு திட்டம் ஜிப், டார் இரண்டையும் வெளியிட்டிருந்தால், கான்ஃபிகர் ஓட்டும் பில்டுக்கு டாரையே எடுங்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள், கோப்புக்கு இப்போதைய நேரத்தைப் போடும் டச் கட்டளையை எடுத்து, "டச் ஏசிலோக்கல்.எம்4" என்று தட்டி, ஒரு விநாடி விட்டு, கான்ஃபிகர், கான்ஃபிக்.எச்.இன், எல்லாக் கோப்புறைகளிலும் உள்ள மேக்ஃபைல்.இன் ஆகியவற்றையும் டச் செய்தால் மேக் அடங்கிவிடும். டார் கட்டளையில் "-எம்" சேர்ப்பது வேண்டாம். அது எல்லாவற்றுக்கும் இப்போதைய நேரத்தைப் போட்டு, பிரிந்த வரிசையையே பிறந்த வரிசையாக்கிவிடும்.

இனி செவன்-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999 முதல் வளர்த்துவரும் இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. செவன்-இசட் வகையை இதைவிட நன்றாகக் கையாள வேறொன்று இல்லை. ஆனால் டார்-ஜீஇசட், டார்-எக்ஸ்-இசட் இரண்டையும் இது இரண்டு தடவையாகப் பிரிக்கும்: முதலில் உறையை உரித்து டாரை எடுக்கும், பிறகு டாரை மறுபடி பிரிக்க வேண்டும். முதல் தடவையோடு நிறுத்திவிட்டு "உள்ளே ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது" என்று திகைப்பவர்கள் நிறைய. ஒரே மூச்சில் முடிக்க, முதல் கட்டளைக்கு "-எஸ்ஓ" கொடுத்து, குழாய்க் குறி போட்டு, இரண்டாவது கட்டளைக்கு "-எஸ்ஐ -டிடார்" கொடுக்கலாம். இதைக் கமாண்ட் ப்ராம்ப்டில் செய்யுங்கள். பவர்ஷெல் 7.4-க்கு முந்தைய பதிப்புகள் குழாய் வழியே போகும் பைட்டுகளை எழுத்து என்று நினைத்து மாற்றிவிடும். மறுமுனையில் வந்து சேர்வது குப்பை.

செவன்-ஜிப்பில் இன்னும் மூன்று சின்ன விஷயம். "எக்ஸ்" என்றால் கோப்புறை அமைப்போடு பிரிக்கும். "இ" என்றால் எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் கொட்டிவிடும். பத்து கோப்புறைகளில் பத்து மேக்ஃபைல்.இன் இருக்கும் சோர்ஸில் "இ" போட்டால் கடைசியாக வந்த ஒன்றுதான் மிஞ்சும். சேருமிடம் சொல்லும் "-ஓ"வுக்கும் பாதைக்கும் நடுவே இடைவெளி கூடாது. ஸ்கிரிப்டில் அது திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 பெரிய பிழை, 7 கட்டளை தவறு, 8 நினைவகம் போதவில்லை. பில்டுக்கு 1-ஐயும் தோல்வியாகவே எடுக்க வேண்டும். ஒரு கோப்பு குறைந்தாலும் எச்சரிக்கை மட்டுமே வரலாம், அந்த ஒரு கோப்பு எதுவாகவும் இருக்கலாம். இது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். சிம்லிங்க் வழியாகக் குறித்த கோப்புறைக்கு வெளியே எழுதவைக்கும் ஓட்டைகள் 2025-இல் வந்த 25.00, 25.01 பதிப்புகளில்தான் அடைக்கப்பட்டன. கல்லூரி ஆய்வகங்களில் ஒருமுறை நிறுவினால் கணினி மாறும் வரை அதே பதிப்பு கிடக்கும்.

பவர்ஷெல்லின் எக்ஸ்பாண்ட்-ஆர்க்கைவ் ஜிப்பை மட்டுமே பிரிக்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் மெதுவாகவும் நகரும். அதன் ஜோடியான கம்ப்ரெஸ்-ஆர்க்கைவுக்கு 2 ஜிபி வரம்பு உண்டு, மறைந்த கோப்புகளையும் விட்டுவிடும். க்னுவின்32 தளத்திலிருந்து டார் எடுக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அங்குள்ளது 1.13 பதிப்பு. குனு டாருக்கு எக்ஸ்-இசட்டுக்கான விருப்பமே 2009-இல் 1.22 பதிப்பில்தான் வந்தது. அதைத் தொட வேண்டாம்.

எந்தக் கருவியை எடுத்தாலும் விண்டோஸின் சில தடைகள் போகாது. முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல நிரல்கள் திணறும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் ரெஜிஸ்ட்ரியில் லாங்பாத்ஸ்எனேபில்ட் என்பதை 1 ஆக்கலாம். ஆனால் நிரலும் அதை ஏற்பதாக அறிவித்திருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில், பெயரில் இடைவெளியுள்ள கோப்புறைக்குள் பிரிப்பதைவிட "சி:\எஸ்" என்று ஓரெழுத்துப் பெயரில் ஒரு கோப்புறை போட்டு அதில் பிரிப்பது மேல். இடைவெளி இருந்தால் மேக்கும் குழம்பும். கான், பிஆர்என், ஆக்ஸ், நல் என்ற பெயர்கள் டாஸ் காலம் முதல் சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நூவோ டிரைவரில் ஆக்ஸ்.சி என்றே ஒரு கோப்பு இருக்கிறது. விண்டோஸில் அது பிரியும்போதே தகராறு. அதே கெர்னலில் நெட்ஃபில்டர் கோப்புறையில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு மட்டுமே உள்ள இரட்டைக் கோப்புகள் உண்டு. சாதாரண விண்டோஸ் கோப்புறையில் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிவிடும், பெரும்பாலும் சத்தமே இல்லாமல்.

பிரிக்கும் முன் பொட்டலம் சரியானதுதானா என்று பாருங்கள். கர்ல் கட்டளையில் "-எஃப்" இல்லாவிட்டால், கோப்பு இல்லை என்று சர்வர் அனுப்பும் 404 பக்கத்தையே டார்-ஜீஇசட் என்ற பெயரில் சேமித்துவிடும். பிறகு "இது ஜீ-ஜிப் வடிவில் இல்லை" என்று டார் சொல்லும்போது ஒன்றும் புரியாது. "கர்ல் -எஃப் -எல் -ஓ" என்று கொடுங்கள். எஃப் சிற்றெழுத்து, எல், ஓ பேரெழுத்து. சில கேபி அளவில் ஒரு சோர்ஸ் பொட்டலம் வந்திருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள், எச்டிஎம்எல் தெரியும். பிறகு "செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல் பெயர் ஷா256" என்று தட்டி, வரும் ஹாஷ் எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) திட்டத்தின் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தானாகக் கட்டித்தரும் "சோர்ஸ் கோட்" ஜிப்பை இதற்கு நம்ப வேண்டாம். அதில் துணைத் தொகுதிகள் இருக்காது, பெரும்பாலும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் இருக்காது. 2023 ஜனவரி 30-ஆம் தேதி அவர்கள் சுருக்கும் முறையை மாற்றியதில், உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தும் ஹாஷ் எண்கள் மாறி, உலகெங்கும் பில்டுகள் நின்றன. உடனே பழையபடி மாற்றினார்கள். திட்டத்தார் தாங்களே கட்டி ஏற்றிய பொட்டலத்தை எடுப்பதே வழக்கம். அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2024 மார்ச்சில் அம்பலமான, எக்ஸ்-இசட் கருவியில் ரகசியமாகப் புகுத்தப்பட்ட பின்வாசல், 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுப் பொட்டலத்தில் சேர்க்கப்பட்ட ஒரு எம்4 கோப்பு வழியாகத்தான் உயிர்பெற்றது. அந்தத் திருத்தம் திட்டத்தின் மூலக் கோப்புகள் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. குறி லினக்ஸ்தான் என்றாலும், பொட்டலத்தைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பல திட்டங்களில் அதற்குப் பிறகுதான் வந்தது.

நாமே பொட்டலம் கட்டி லினக்ஸ்காரருக்கு அனுப்பும்போது விண்டோஸ் டார் வேண்டாம். இயக்க உரிமையைக் கோப்பின் நீட்சிப் பெயரை வைத்தே விண்டோஸ் ஊகிப்பதால், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இயக்க முடியாத கோப்பாகப் போய்ச் சேரும். "கிட் ஆர்க்கைவ்" அந்த உரிமையைக் களஞ்சியப் பதிவிலிருந்து எடுக்கும். ஆனால் கிட்டில் ஆட்டோசிஆர்எல்எஃப் இயக்கத்தில் இருந்தால், பொட்டலத்துக்குள் போகும் கோப்புகளிலும் வரிமுடிவுகள் விண்டோஸ் முறைக்கு மாறிவிடும். லினக்ஸில் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே விழும். "கிட் -சி கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்=ஃபால்ஸ் ஆர்க்கைவ்" என்று தொடங்கினால் அந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு. பழைய வகை டார் தலைப்பில் பெயர் எந்தக் குறிமுறையில் இருக்கிறது என்ற குறிப்பு கிடையாது. விண்டோஸ் டார் அதைக் கணினியின் உள்ளூர்க் கோட்பேஜ் (எழுத்துகளுக்கான பழைய எண் அட்டவணை) என்று எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஓர் உள்ளூர்க் கோட்பேஜே கிடையாது, யூனிகோடு மட்டும்தான். ஆகவே பெயர்கள் கிறுக்கலாக வரும். "டார் -எக்ஸ்எஃப் பெயர்.டார் --ஆப்ஷன்ஸ் எச்டிஆர்சார்செட்=யுடிஎஃப்-8" என்று கொடுத்தால் சரியாகப் பிரியும்; இதில் யுடிஎஃப் பேரெழுத்து. செவன்-ஜிப்பால் ஜிப் கட்டும்போது "-எம்சியூ=ஆன்" சேர்த்தால், பெயர்கள் யுடிஎஃப்-8 என்ற குறியோடு போகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்